கால்வாய்க் கரையும் மிதிவண்டியும்

பொழுதுபோக்காக மிதிவண்டி ஓட்டுவது என்றால் நம்மவருள் பலருக்கு நகைப்பு வருகிறது. வகுப்புக்குப் போக ஓட்டலாம். ஆய்வுக்கூடத்துக்குப் போக ஓட்டலாம். கடைத்தெருவுக்குப் போய்ப் பற்பசை வாங்கிவர ஓட்டலாம். எங்கும் போகாமல், எதையும் வாங்காமல், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டுப் புறப்பட்ட விடுதிக்கே திரும்பி வருகிறவனைப் பித்தன் என்றே கொள்கிறார்கள். கலியர் அருகே தேநீர் விற்கும் முதியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: “எங்கே போகிறாய், மகனே?” “எங்கும் இல்லை” என்றேன். “வேலை ஏதாவது?” “இல்லை, ஐயா.” சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். இரக்கம் என்றே நினைக்கிறேன்.

நண்பர்களே, அந்த இரக்கத்துக்கு நான் உரியவன் அல்லன் என்பதையும், ரூர்க்கியில் படிக்கும் நமக்கு வாய்த்துள்ள கால்வாய்க் கரை எத்தகைய செல்வம் என்பதையும், அச்செல்வம் கைநழுவிப் போகக்கூடும் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மிதிவண்டி எனக்குப் புதிதன்று. பதினோராம் வகுப்பில் தமிழ்நாட்டு அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் வெண்ணாற்றங்கரை வழியே பள்ளிக்குச் சென்றவன் நான். ஆற்றங்கரையில் பேருந்து வராது; லாரி வராது. எதிரே மாடு வரும்; அதற்கு வழிவிட்டால் போதும். அந்த இன்பம் இன்னதென்று அன்று தெரியவில்லை. வடக்கே வந்து தில்லி–ஹரித்துவார் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு நாள் வண்டியை ஓட்டிய பிறகுதான் தெரிந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒரு பக்கம், சுற்றுலாப் பேருந்து மறு பக்கம், காதருகே ஓயாத ஊதுகுழல். கண் சாலையைப் பார்க்கிறதே ஒழிய உலகத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சாலையிலிருந்து சிறிது தொலைவிலேயே கங்கைக் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் பாதையும் ஓடுகிறது.

சமவெளியில் மிதிப்பதன் சுகத்தைப் பௌதிகம் படிப்பவன் கணக்காகச் சொல்லாவிட்டால் குறை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். காற்றில்லாத சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 50 வாட் ஆற்றல் போதும். அது கைவீசி நடக்கும் உழைப்புத்தான். அதே வேகத்தில், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சரிவில் ஏற வேண்டுமானால் மேலும் 160 வாட் வேண்டும். பேச்சு நின்றுவிடும், மூச்சு மட்டும் இருக்கும். ரூர்க்கி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 268 மீட்டர். ஹரித்துவார் ஏறத்தாழ 314 மீட்டர். இடையே 30 கிலோமீட்டர் கரைவழி. இந்த 46 மீட்டரை ஏறுவதற்கு நம் உடல் செலவிடும் உணவாற்றல் ஏறத்தாழ ஓர் இட்லி! திரும்பி வரும்போது அந்த இட்லியும் மிச்சம். மலையில்லாத ஊரில் காற்றே மலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் காற்றை வெல்வதற்கான உழைப்பு மட்டும் நான்கு மடங்காகும். ஆகவே விடியலில் புறப்படுவதே அறிவுடைமை.

ரூர்க்கியிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், அதாவது ஹரித்துவார் நோக்கிப் புறப்பட்டால் முதலில் வருவது சோலானி நீர்ப்பாலம். இரு முனைகளிலும் கல் சிங்கங்கள் அமர்ந்திருக்கின்றன. கால்வாயைக் கட்டியவர்கள் இங்கே ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டியிருந்தது. நெடுந்தொலைவு மண்ணைக் கொட்டிக் கரை உயர்த்தி, சோலானி ஆறு ஓடும் இடத்தில் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகளை எழுப்பி, அவற்றின்மேல் கங்கையை நடத்தினார்கள். ஆற்றின்மேல் ஆறு! இவ்விடத்தில் வண்டி வயல்களுக்கு மேலாகச் செல்கிறது. கீழே பாப்ளார் மரத்தோப்பின் உச்சிகள். கரும்புத் தோகையின் அலை. குளிர்காலமானால் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் புகை. அந்தப் புகையின் மணம் மூக்கில் ஏறும்போது எனக்குத் தை மாதமும் பாட்டியும் நினைவுக்கு வருவதுண்டு. அது என் சொந்தக் கதை, விடுங்கள்.

அடுத்து பிரான் கலியர். சாபிர் பாவா அடங்கியிருக்கும் தர்கா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபிப் பெரியார் அவர். வியாழக்கிழமை மாலையில் பாருங்கள், எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அதையும் கடந்து சென்றால் தனௌரி. இங்கே ரத்மாவ் என்னும் காட்டாறு குறுக்கே வருகிறது. அதைக் கால்வாயின் மட்டத்திலேயே உள்ளே வரவிட்டு, மறுபுறம் மதகுகள் வழியே வெளியேறும்படி அமைத்தார்கள். இன்னும் மேலே சென்றால் பத்ரி, ராணிப்பூர் என்ற இரு காட்டாறுகள். இவற்றுக்குக் கால்வாயின் தலைக்கு மேலே பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் வழியே ஆற்றைப் போகவிட்டார்கள். மழைக்காலம் அல்லாத நாளில் அந்தப் பாலங்கள் மணல் பரந்து கிடக்கும். மழையில் வெள்ளம் தலைக்கு மேலே செல்லும்.

ஆக, ஒரே காலைப்பொழுதில் கால்வாய் ஓர் ஆற்றின் மேலே போவதையும், ஓர் ஆற்றோடு சமமட்டத்தில் கலப்பதையும், இரண்டு ஆறுகளின் கீழே நுழைவதையும் பார்த்துவிடலாம். காரில் போனால் இது தெரியாது. நெடுஞ்சாலை இவற்றை நமக்குக் காட்டுவதில்லை. நடந்து போனால் ஒரு நாளில் முடியாது. பார்க்க வேண்டிய வேகத்தில் பார்க்க வைக்கும் வண்டி மிதிவண்டி ஒன்றே. நம் கட்டடப் பொறியியல் நண்பர்கள் இவற்றின் படங்களைப் பாடநூலில் பார்த்துத் தேர்வு எழுதிவிட்டு, நேரில் பாராமலே பட்டம் பெற்று ஊர் திரும்புவது எனக்குப் பெருவியப்பு.

இக்கரையின் வரலாறும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். 1837-38இல் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது கணக்கு. அதன் பிறகே இக்கால்வாயைப் பற்றிய பேச்சு வலுப்பெற்றது. புரோபி காட்லி என்பவர் முன்னின்று 1842இல் தோண்டத் தொடங்கி, 1854 ஏப்ரலில் நீர் விட்டார்கள். வேலைக்குப் பொறியாளர் வேண்டுமென்றே 1847இல் ரூர்க்கியில் கல்லூரி தோன்றியது. நாம் படிக்கும் இந்த நிலையம் அக்கல்லூரியின் வழிவந்தது. 1949இல் பல்கலைக்கழகமாகி, 2001இல் இன்றைய பெயரைப் பெற்றது. கால்வாய் இல்லையேல் கல்லூரி இல்லை. கல்லூரி இல்லையேல் ரூர்க்கியில் நமக்கு என்ன வேலை?

காட்லியை எதிர்த்து வாதாடியவர் நமக்கு அறிமுகமானவர்: ஆர்தர் காட்டன். 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியவர் அவர்தாம். கால்வாயின் தலைப்பை ஹரித்துவாரிலேயே வைத்தது பிழை, சரிவு மிகுதி, ஓட்டம் கடுமை என்று 1860களில் அவர் குறைகூற, காட்லி மறுமொழி எழுத, சண்டை முற்றியது. சரிவைப் பற்றிய மட்டில் காட்டன் பக்கம் உண்மை இருந்தது. பின்னாளில் ஓட்டத்தைத் தணிக்கத் திருத்த வேலைகள் செய்ய வேண்டியதாயிற்று. காவிரியில் பாடம் கற்றவர் கங்கைக்குப் பாடம் சொன்னார் என்று நாம் பெருமை கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. 1851இல் இக்கால்வாய் வேலைக்கு மண் சுமக்க நீராவி எஞ்சின் ஓடியதைச் சொல்லி, நாட்டிலேயே முதல் எஞ்சின் எங்கள் ஊரில்தான் ஓடியது என்பார்கள் ரூர்க்கி நண்பர்கள். சென்னைக்கருகே செங்குன்றத்தில் 1837இலேயே கல் சுமக்க இருப்புப்பாதை அமைந்தது என்று மெல்லச் சொல்லுங்கள். அதை அமைத்ததிலும் காட்டனுக்குப் பங்குண்டு.

சரி, கரைக்கு வருவோம். மேலை நாடுகளில் ஆற்றோர மிதிவண்டிப் பாதைகள் புகழ்பெற்றவை. டான்யூப் ஆற்றின் ஓரமாகப் பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தே செல்கிறார்கள். பிரான்சில் லுவார் ஆற்றையொட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பணக்கார நாடு, உல்லாசத்துக்கென்று பாதை போடுகிறான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. டான்யூப் பாதையின் பெரும்பகுதி, முற்காலத்தில் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் இழுத்துச் சென்ற தடம். குதிரை போயிற்று, தடம் நின்றது, அதை மோட்டாருக்குக் கொடாமல் மிதிவண்டிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் அவ்வளவே. ஹாலந்து மக்களுக்கும் இது பிறவிச் சொத்தன்று. 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் மாண்டார்கள். தாய்மார் தெருவுக்கு வந்து போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிறுதோறும் கார் ஓடக்கூடாதென்று அரசு தடுத்தது. வெறிச்சென்ற சாலையில் மக்கள் மிதிவண்டியுடன் இறங்கினார்கள். கேட்டுப் பெற்றதுதான் எல்லாம்.

நாம் கேட்காமல் விட்டதற்கும் சான்று உண்டு. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் சரக்குத் தோணிகள் ஓடின. கரையில் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்தார்கள். டான்யூப் கரையில் குதிரை; நம் கரையில் மனிதன்! அந்தக் கரைப்பாதை சென்னை நகருக்குள் இன்று எங்கே? 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரத்தின் நடுவே மைல் கணக்கில் ஓடிய ஒரு சமதளப் பாதை போனதே, அதற்காக ஒருவரும் அழவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கங்கைக் கால்வாய்க்கும் அந்த நாள் நெருங்குகிறது. உத்தரப் பிரதேசத்தில், நம் எல்லைக்கு அப்பால் பூர்க்காசியிலிருந்து முராத்நகர் வரை ஒரு கரையில் ஏற்கெனவே மோட்டார்ச் சாலை இருக்கிறது. மறு கரையிலும் 111 கிலோமீட்டருக்குச் சாலை போடத் திட்டம் வந்தது. அதற்காக 1 லட்சத்துக்கு மேற்பட்ட மரங்களை வெட்ட அனுமதி கிடைத்த செய்தி வெளியாயிற்று. 2024இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கிடையே பல ஆயிரம் மரங்கள் சாய்ந்துவிட்டன. கீழ்க்கரையில் நடந்தது மேற்கரையில் நடவாது என்று எண்ண எனக்குத் துணிவில்லை.

சாலை வேண்டுவோர் சொல்லும் காரணத்தை நான் எள்ளவில்லை. ஆவணி நெருங்கும் மழைக்காலத்தில் கன்வர் யாத்திரை வருகிறது. ஹரித்துவாரில் கங்கை நீரை முகந்து, தோளில் கோல் வைத்து இருபுறமும் தொங்கவிட்டு, ஊர்ச் சிவன் கோயில் வரை நடக்கிறார்கள். நம் காவடியேதான். லட்சக்கணக்கில் வருவோர்க்கு வழி வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால், நடப்பவனுக்கு வேண்டியது எது? பழனிக்கு நடந்தவர்களைக் கேளுங்கள். நிழலும் தண்ணீரும் என்பார்கள். மோட்டார் இல்லாத தரை என்பார்கள். நடப்பவன் பெயரைச் சொல்லி நிழலை வெட்டுவது எந்தக் கணக்கு? யாத்திரை சில நாள். மீதி நாளெல்லாம் அந்தச் சாலையில் ஓடப்போவது லாரியும் காரும் அன்றோ?

உழவர் சொல்வதையும் கேட்டேன். கரும்பை ஆலைக்குக் கொண்டுபோகக் கரை குறுக்குவழி. டிராக்டர் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒரு கரையை அதற்கு விடுங்கள். மறு கரையை மட்டும் காலால் நடப்பதற்கும், காலால் மிதிப்பதற்கும், கால்நடைக்கும் என்று ஒதுக்குங்கள். நான் கேட்பது இவ்வளவே.

“உனக்கு உல்லாசம், அதற்காக ஊர் முன்னேறக் கூடாதா?” என்று விடுதியில் ஒரு நண்பர் கேட்டார். அவரை ஒரு நாள் விடியலில் கரைக்கு வரச்சொல்லுகிறேன். அங்கே முதலில் மிதிப்பவன் நான் அல்லன். பால் குவளைகளைக் கட்டிக்கொண்டு போகும் பால்காரர் எனக்கு முன்னே போகிறார். ஹரித்துவார்ப் பக்கத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், மதிய ரொட்டியைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கூட்டமாகப் போகிறார்கள். பள்ளிச் சிறுமியர் மூவர் ஒரே வண்டியில் போவதும் உண்டு. அவர்களுக்கு இது உல்லாசம் அன்று. நெடுஞ்சாலையில் சாகாமல் போய்ச்சேரும் வழி. எனக்கு இன்பம் தருகிற அதே அமைதிதான் அவர்களுக்கு உயிர்க்காப்பு. இதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆடம்பரம் என்றும் மற்றொன்றைத் தேவை என்றும் பேசுவது எனக்கு உடன்பாடன்று.

கரை இன்று குறையற்றது என்றும் சொல்லமாட்டேன். இப்பொழுதே மோட்டார் சைக்கிள்கள் விரைகின்றன. ஓட்டம் கடுமையானது, நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துவிடும். ஆண்டுதோறும் தசராவை ஒட்டித் தூர்வார நீரை அடைக்கும்போது தரையைப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்பது புரியும். பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. நம் சங்கத்து மாணவியர் இருவர், விளக்கில்லாத பகுதியில் மாலைக்குப் பின் போக இயலவில்லை என்றார்கள். ஆண்கள் எண்ணிப்பாராத செய்தி அது. ஆகவே மனுவில் மரத்தைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது. மோட்டார் நுழையாதபடி பாதைத் தலைப்பில் கல் நட வேண்டும். ஆனால் பால்காரரின் வண்டி நுழைய வேண்டும். ஆபத்தான வளைவில் கைப்பிடிச் சுவர் வேண்டும். ரூர்க்கியிலிருந்து கலியர் வரையிலாவது விளக்கு வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தாலும் அகலச் சாலைக்கு ஆகும் செலவில் சிறு பங்கே ஆகும்.

மனுவின் வரைவு சங்க அறையில் இருக்கிறது. நீர்ப்பாசனத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இரண்டு படிகள். நான் தமிழில் எழுதியதை இந்தியில் ஆக்க ஆள் வேண்டும். என் இந்தி தேநீர்க் கடைக்குத்தான் போதும், அலுவலகத்துக்குப் போதாது. கரையைப் பாராமல் கையெழுத்திட மாட்டேன் என்பவர் வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு விடுதி வாயிலுக்கு வரலாம். தனௌரி வரை போய், கலியரில் தேநீர் குடித்துவிட்டு, காலை உணவு முடிவதற்குள் திரும்பிவிடுவோம். வண்டி இல்லாதவர்க்கு இரண்டு வண்டிகள் இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மணி கிடையாது.